உரிமை விட்டவர் கோழை அல்லர்

ஆசிரியர்களுக்கான பதவி உயர்வுக் கலந்தாய்வு முடிந்த வாரத்தில் வடலூர் நான்குமுனைச் சந்திப்பில் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழாமல் போகாது: "தேடி வந்த சீதேவியை எட்டி உதைச்சிட்டு வந்திருக்கார்யா அந்த மனுசன்." அந்த மனிதர் செய்தது இவ்வளவுதான். தலைமையாசிரியர் நாற்காலியோ உடற்கல்வி இயக்குநர் பதவியோ தம் முறைக்கு வந்தபோது, 'உரிமை விடல்' கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் பழைய பள்ளிக்கே, பழைய மைதானத்துக்கே திரும்பிவிட்டார். கடிதம் கொடுத்தால் குறிப்பிட்ட காலத்துக்கு அவர் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் வராது. அது தெரிந்தேதான் கையெழுத்துப் போடுகிறார். ஆனால் ஊர் அவரை விடுவதாக இல்லை.

அவர்மேல் சாட்டப்படும் குற்றங்கள் நான்கு. பயந்தாங்கொள்ளி, சோம்பேறி, பெண்டாட்டி பிள்ளையை விட்டு நகர மனமில்லாதவர், பொறுப்பிலிருந்து நழுவுகிறவர். இந்த நான்கையும் நான் மறுக்கிறேன். கூடவே, அவரைத் தியாகி என்று தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் சிலரையும் மறுக்கிறேன். தலைமைப் பதவியை உதவிப் பதவிக்கு மேலே உள்ள படிக்கட்டு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலான துறைகளில் அது முற்றிலும் வேறொரு வேலை. ஒரு வேலையைத் திறம்படச் செய்துவருபவர் அந்த வேறு வேலையை எடைபோட்டுப் பார்த்து வேண்டாம் என்றால், அது தொழில் தெரிந்தவரின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைப் பழிக்கிற ஊர் கடைசியில் தன் பிள்ளைகளுக்கே கெடுதல் செய்கிறது.

இந்த எண்ணத்தின் வேர்

முதலில் எதிர்த்தரப்புக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடுகிறேன். பதவி உயர்வைக் கொண்டாடும் மனம் எங்கள் பகுதியில் வீணாக வளர்ந்ததில்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் கிணறு வெட்டியபோது பழுப்பு நிலக்கரி தென்பட்டது. 1956-இல் நெய்வேலி நிலக்கரிக் கழகம் உருவானது. சுரங்கத்துக்காகக் கிராமங்கள் காலியாயின. முந்திரியும் மானாவாரிப் பயிரும் விளைந்த மண்ணைக் கொடுத்துவிட்டு வந்த குடும்பங்களுக்கு நிறுவன வேலைதான் புதிய நிலம். அந்த வேலையில் ஒரு படி ஏறினால் சம்பளம் ஏறும், குவார்ட்டர்ஸ் மாறும், பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது சொல்லிக்கொள்ளும் தகுதியும் ஏறும். நெய்வேலி நகரியத்தின் வட்டங்களில் எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார் என்று பார்த்தே அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று ஊகித்துவிடலாம். வடலூரில் சொந்த வீடு கட்டிக் குடியேறிய பணி ஓய்வாளர்களும் அந்த அளவுகோலைக் கையோடு கொண்டுவந்தார்கள்.

தலைமுறை தலைமுறையாகப் பதவியே கிடைக்காமல் ஒதுக்கிவைக்கப்பட்டவர்களுக்கு ஒரு பதவியின் அருமை நன்றாகத் தெரியும். அதை நான் மதிக்கிறேன். கிடைக்க வேண்டியவருக்குப் பதவி கிடைக்காமல் போவது அநீதி. அந்த அநீதிக்கு எதிராக எழுந்த அளவுகோலைத் தூக்கிக்கொண்டுபோய், கிடைத்ததை யோசித்து மறுப்பவர் தலையில் வைப்பதைத்தான் எதிர்க்கிறேன். உரிமை என்று ஒன்று இருந்தால் அதை விட்டுக்கொடுக்கவும் உரிமை உண்டு. கட்டாயம் ஏற்றே ஆகவேண்டும் என்றால் அது உரிமையாக இருக்காது, உத்தரவாக ஆகிவிடும்.

அடுத்த படியா, வேறு வேலையா?

உலகத்தில் இந்தக் கேள்வி மிகக் கூர்மையாக எழுவது அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில். அது நாம் ஆடும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். பல்லாயிரம் பேர் அமரும் அரங்கங்கள் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. அணியில் நூறு பேர் அளவுக்கு மாணவர்கள் இருப்பார்கள். தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே தாக்குதல் ஆட்டத்துக்கு ஒருவர், தடுப்பாட்டத்துக்கு ஒருவர் என்று உதவிப் பயிற்சியாளர்கள் உண்டு. ஆட்டத்தின் நுணுக்கம் பெரும்பாலும் இவர்கள் கையில்தான்.

தலைமைப் பயிற்சியாளரின் நாள் எப்படிப் போகிறது? நல்ல விளையாட்டு மாணவர்களைத் தேடி ஊர் ஊராகப் போய் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பெற்றோரிடம் பேச வேண்டும். நன்கொடை தரும் செல்வந்தர்களோடு விருந்துண்ண வேண்டும். செய்தியாளர்களைச் சந்திக்க வேண்டும். 2021 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரங்களுக்குக் கொடுத்துப் பணம் ஈட்டலாம் என்று ஆகிவிட்டது. கல்லூரி மாறுவதும் எளிதாகிவிட்டது. இருக்கும் ஆட்டக்காரரைத் தக்கவைப்பதே ஆண்டு முழுக்க ஓயாத பேரமாகிவிட்டது. இதற்கு நடுவில் தோல்விகள் சேர்ந்தால் வேலை போகும். ஆபர்ன் பல்கலைக்கழகம் 2020 டிசம்பரில் தன் தலைமைப் பயிற்சியாளரை ஒப்பந்தம் முடியுமுன் வெளியேற்றியபோது, அவருக்குத் தரவேண்டியிருந்த ஈட்டுத் தொகை மட்டும் 2 கோடி டாலருக்கு மேல். ஒரு மனிதரை வேலையிலிருந்து நிறுத்த அவ்வளவு பணம் கொட்டும் இடத்தில், பொறுமையாக ஓர் அணியை வளர்க்க யாருக்கு அவகாசம் கிடைக்கும்?

அந்த உலகத்தில் பட் ஃபாஸ்டர் என்று ஒருவர். 1987-இல் வர்ஜீனியா டெக் கல்லூரிக்கு ஃபிராங்க் பீமர் தலைமைப் பயிற்சியாளராக வந்தபோது உடன் வந்தார். 2019-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே உதவிப் பயிற்சியாளர். அதில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அணியின் தடுப்பாட்டம் முழுவதும் அவர் பொறுப்பு. நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான ப்ராய்ல்ஸ் விருது 2006-இல் அவருக்குக் கிடைத்தது. தலைமைப் பதவி பற்றிய பேச்சுகளில் அவர் பெயர் அடிபடாத காலம் குறைவு. ஆனாலும் பயிற்சியாளராக அவர் பெயர் நிலைத்தது அந்த ஒரே ஊரில், அந்த ஒரே வேலையில். இவரைத் தோற்றவர் என்று அந்த ஊரில் யாரும் சொல்வதில்லை.

இன்னொருவர் பிரெண்ட் வெனபிள்ஸ். 2012 முதல் 2021 வரை க்ளெம்சன் பல்கலைக்கழகத்தில் தடுப்பாட்டப் பயிற்சியாளர். 2016, 2018 பருவங்களில் அந்த அணி தேசியப் பட்டம் வென்றது. பருவம் முடியும்தோறும் ஏதாவது ஒரு கல்லூரியின் தலைமைப் பதவியோடு அவர் பெயர் இணைத்துப் பேசப்பட்டது. பத்தாண்டுகள் அவர் நகரவில்லை. அவருடைய இரண்டு மகன்களும் அதே கல்லூரி அணியில் ஆடினார்கள். உதவிப் பயிற்சியாளராகவே ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் அவருக்கு ஊதியம் கிடைத்தது. 2021 டிசம்பரில்தான் ஓக்லஹோமாவின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அது அவர் 1999 முதல் 2011 வரை உதவிப் பயிற்சியாளராக இருந்து உள்ளும் புறமும் அறிந்த இடம். அப்படி அறிந்த இடத்திலேயே முதல் பருவத்தில் 6 வெற்றி, 7 தோல்வி. தடுப்பாட்டத்தில் நாட்டின் தலைசிறந்தவர் என்று பெயர் வாங்கியவருக்கே தலைமைப் பதவி புதிதாகக் கற்க வேண்டிய தொழிலாக இருந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

இப்போது நம் பள்ளிக்கு வருவோம். ஓர் உடற்கல்வி ஆசிரியர் விடியற்காலையில் மைதானத்தில் நிற்கிறார். குறுவட்டப் போட்டிக்கு யாரை அனுப்பலாம், எந்தப் பெண்ணுக்கு முழங்கால் வலி இன்னும் ஆறவில்லை, எந்தப் பையன் சாப்பிடாமல் ஓட வருகிறான் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. பாரதியார் தினப் போட்டி, குடியரசு தினப் போட்டி, முதலமைச்சர் கோப்பை என்று அவருடைய ஆண்டு சுழல்கிறது. பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் இப்படி ஒரு உலகம் உண்டு: கணக்கு வராத பிள்ளைக்குக் கணக்கு வரவைக்கும் உலகம்.

தலைமையாசிரியர் அறைக்குள் இருப்பது இன்னோர் உலகம். கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் பதிவேற்றம், நலத்திட்டப் பொருள்களின் கணக்கு, பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், கழிப்பறைப் பராமரிப்பு, மதிய உணவு, தணிக்கைக் குறிப்புக்குப் பதில், மாவட்ட அலுவலகத்திலிருந்து மாலைக்குள் கேட்கும் புள்ளிவிவரம். இவை முக்கியமான வேலைகள். இவற்றை நன்றாகச் செய்யும் தலைமையாசிரியர்களால்தான் பள்ளிகள் ஓடுகின்றன. ஆனால் நல்ல ஆசிரியராக இருபது ஆண்டு இருந்ததில் இவற்றுக்கான பயிற்சி எங்கே கிடைத்தது? தேர்வு நிலை, சிறப்பு நிலை பெற்றுவிட்ட மூத்த ஆசிரியருக்குப் பதவி உயர்வால் சம்பளத்திலும் பெரிய ஏற்றம் இருப்பதில்லை. கையில் உள்ள திறமையைக் கீழே வைத்துவிட்டு, கற்காத ஒரு தொழிலை ஐம்பது வயதில் தொடங்கு என்பதுதான் அந்த உத்தரவின் உள்ளடக்கம். அதை வேண்டாம் என்பவரிடம் நாம் காரணம் கேட்கிறோம். ஏற்றுக்கொள்பவரிடம் ஏன் என்று ஒருநாளும் கேட்பதில்லை.

பயமா?

பயத்தினால்தான் மறுக்கிறார்கள் என்பவர்களுக்கு ராகுல் திராவிட்டை நினைவூட்டுகிறேன். உலகத்தின் எந்த வேகப்பந்துக்கும் பின்வாங்காதவர் என்று பெயர் வாங்கிய ஆட்டக்காரர். அவர் 2015-இல் ஏற்றது இந்திய 'ஏ' அணிக்கும் 19 வயதுக்குட்பட்டோர் அணிக்கும் பயிற்சியாளர் பொறுப்பு. 2017-இல் அனில் கும்ப்ளே விலகிய பிறகு மூத்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு அவரைக் கேட்டார்கள். அப்போது கிரிக்கெட் வாரியத்தை நடத்திய நிர்வாகிகள் குழுவின் தலைவர் வினோத் ராய் இதைப் பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். வளரும் இரு மகன்கள் வீட்டில் இருக்கிறார்கள், ஆட்டக்காரராக உலகம் முழுக்கச் சுற்றிய காலத்தில் அவர்களோடு இருக்க முடியவில்லை, இனியாவது இருக்க வேண்டும் என்று திராவிட் சொல்லிவிட்டாராம்.

அவர் மறுத்ததால் இந்தியக் கிரிக்கெட்டுக்கு என்ன நட்டம் வந்தது? கணக்குப் பார்ப்போம். 2016 இளையோர் உலகக் கோப்பையில் அவர் பயிற்சியளித்த அணி இறுதிவரை சென்று வெஸ்ட் இண்டீஸிடம் தோற்றது. அந்த அணியில் ரிஷப் பந்த் இருந்தார், இஷான் கிஷன் இருந்தார், சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தர் இருந்தார். 2018-இல் சுப்மன் கில் ஆடிய அணி கோப்பையை வென்றது. இளையோர் அணிகளின் பயிற்சியாளர்கள் வெற்றி வெறியில் பிள்ளைகளின் வளர்ச்சியைக் கெடுக்கிறார்கள் என்றும், வயதைக் குறைத்துக் காட்டும் மோசடி எவ்வளவு பெரிய நஞ்சு என்றும் 2015 டிசம்பரில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் அவர் பேசினார். அடுத்த ஆண்டே, ஓர் ஆட்டக்காரர் ஒரே ஒரு இளையோர் உலகக் கோப்பையில் மட்டுமே ஆடலாம் என்ற விதியை வாரியம் கொண்டுவந்தது.

2021 ஜனவரி 19. பிரிஸ்பேன் கப்பா மைதானம். காயங்களால் முன்னணி ஆட்டக்காரர்கள் பலரை இழந்து நின்ற இந்திய அணி ஆஸ்திரேலியாவை அங்கே வீழ்த்தியது. கில் 91 ஓட்டங்கள், பந்த் ஆட்டமிழக்காமல் 89. முதல் இன்னிங்ஸில் அணி சரிந்துகொண்டிருந்தபோது தம் முதல் டெஸ்டில் ஆடிய வாஷிங்டன் சுந்தர் ஷர்துல் தாக்கூரோடு சேர்ந்து 123 ஓட்டங்கள் சேர்த்தார். அன்று திராவிட் அந்த மைதானத்தில் இல்லை. தலைமைப் பயிற்சியாளர் ரவி சாஸ்திரி. அணியை அந்தத் தொடரில் நிமிர்த்தியதற்கான பெருமை சாஸ்திரிக்கு உரியது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நெருக்கடியில் கூப்பிட்டவுடன் ஆயத்தமாக வந்து நின்ற இளைஞர்களில் பலர் திராவிட்டின் கையில் வளர்ந்தவர்கள். 2017-இல் அவர் பெரிய நாற்காலிக்குப் போயிருந்தால் அந்த வேலையை யார் செய்திருப்பார்?

இதற்கு ஒரு பதில் வரும்: "கடைசியில் 2021 நவம்பரில் அவரும் பதவியை ஏற்கத்தானே செய்தார்? நல்ல நேரத்துக்காகக் காத்திருந்தார், அவ்வளவுதான்." இந்தப் பதில் என் கட்சிக்கே வலு சேர்க்கிறது. மறுத்ததால் அவர் திறமை துருப்பிடிக்கவில்லை. நான்கு ஆண்டு கழித்து, மகன்கள் வளர்ந்த பிறகு, தேசியக் கிரிக்கெட் அகாடமியை நடத்திப் பழகிய பிறகு, அதே பதவியை ஏற்று 2024-இல் இருபது ஓவர் உலகக் கோப்பையோடு விடைபெற்றார். ஒருமுறை வேண்டாம் என்பது என்றைக்கும் வேண்டாம் என்பதாகாது. மறுத்தவரைக் கோழை என்று முத்திரை குத்தி மூலையில் தள்ளியிருந்தால், திரும்ப அழைக்கும் வாயில் அடைபட்டிருக்கும். நம் ஊரில் அதைத்தான் செய்கிறோம்.

சோம்பலா?

இரண்டாவது குற்றச்சாட்டு, உதவியாளர் வேலை சுகமான வேலை என்ற நினைப்பிலிருந்து வருகிறது. ஆங்கிலேயக் கால்பந்தின் வரலாற்றில் பிரையன் க்ளஃப், பீட்டர் டெய்லர் இருவரின் கதை இதற்குப் போதும். க்ளஃப் தலைமை மேலாளர், டெய்லர் அவருக்குத் துணை. இருவருமாக டர்பி கவுன்டியை 1972-இல் லீக் பட்டம் வெல்ல வைத்தார்கள். 1974-இல் க்ளஃப் தனியாக லீட்ஸ் யுனைடெட்டுக்குப் போனார். 44 நாளில் வெளியேற்றப்பட்டார். டெய்லர், அதுவரை இருவரும் சேர்ந்திருந்த பிரைட்டன் அணியிலேயே தங்கித் தாமே தலைமை மேலாளராக இருந்தார். 1976-இல் அந்தத் தலைமைப் பதவியை விட்டுவிட்டு, இரண்டாம் பிரிவில் கிடந்த நாட்டிங்காம் ஃபாரஸ்டில் க்ளஃபுக்குத் துணையாகப் போய்ச் சேர்ந்தார். நம் ஊர்க் கணக்கில் இது பதவி இறக்கம். 1977-இல் அணி முதல் பிரிவுக்கு ஏறியது. 1978-இல் லீக் பட்டம். 1979-இலும் 1980-இலும் ஐரோப்பியக் கோப்பை. டெய்லர் 1982-இல் விலகிய பிறகு க்ளஃப் மேலும் பதினோரு ஆண்டுகள் அங்கே இருந்தார். லீக் பட்டமோ ஐரோப்பியக் கோப்பையோ மறுபடி கிடைக்கவில்லை.

டெய்லரின் வேலை என்ன? ஆட்டக்காரரை இனங்காண்பது. யாரும் கவனிக்காத ஒருவன் எந்த இடத்தில் ஆடினால் ஒளிர்வான் என்று கண்டுசொல்வது. ஆட்டத்துக்கு ஆட்டம் மழையிலும் குளிரிலும் போய் நின்று பார்ப்பது. தலைமைக்கு நேரமில்லாத வேலைகள் அவை. நேரமில்லை என்பதால் அவை சிறியவை ஆகிவிடுமா?

கடலூர் மாவட்டத்தவர் இதை வெளிநாட்டிலிருந்து கற்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டு மகளிர் கால்பந்து அணி 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை வென்று தேசியப் பட்டம் பெற்றது. இந்திய அணிக்கும் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். கால்பந்தோடு வெளியில் வரும் பெண்ணைப் பார்த்து முகம் சுளிக்கும் தெருக்கள் நிறைந்த பகுதியில் இப்படிப்பட்டவர்கள் எப்படி வருகிறார்கள்? ஏதோ ஒரு மைதானத்தில் ஏதோ ஒரு பயிற்சியாளர் ஆண்டுக்கணக்கில் காலையும் மாலையும் நின்றதால்தான். பெற்றோரிடம் போய் வாதாடி, "நான் பாத்துக்கிறேன், அனுப்புங்க" என்று வாக்குக் கொடுத்து, அந்த வாக்கைக் காப்பாற்றியதால்தான். இந்த வேலையில் சோம்பலுக்கு எங்கே இடம்?

வடலூரில் இருந்துகொண்டு இதை மறப்பது இன்னும் வருத்தம். வள்ளலார் 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. பசித்து வருபவருக்குச் சோறு கிடைக்கிறது. அங்கே உலை வைப்பவரையும் இலை போடுபவரையும் பார்த்து, "நீங்கள் எப்போது நிர்வாகியாகப் போகிறீர்கள்?" என்று நாம் கேட்பதில்லை. அங்கே எது முதன்மையான வேலை என்று நமக்குத் தெரியும். அதே தெளிவு பள்ளி வாசலில் எங்கே போய்விடுகிறது?

குடும்பப் பாசமா?

மூன்றாவது குற்றச்சாட்டில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் அது குற்றமில்லை. பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று திராவிட் சொன்னால் நல்ல தகப்பன் என்கிறோம். குறிஞ்சிப்பாடிப் பள்ளி ஆசிரியர் சொன்னால் பொண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டிருப்பவர் என்கிறோம். புகழ்பெற்றவருக்கு ஒரு நீதி, சாமானியருக்கு ஒரு நீதியா?

மேலும், பயிற்சியாளருக்கு ஊர் என்பது வெறும் இருப்பிடம் இல்லை. எந்தத் தெருவில் எந்தப் பிள்ளை வேகமாக ஓடுகிறது, எந்த வீட்டில் அப்பா குடித்துவிட்டு வருகிறார், எந்த அம்மாவிடம் எப்படிப் பேசினால் வெளியூர்ப் போட்டிக்குப் பெண்ணை அனுப்புவார் என்ற அறிவெல்லாம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த முதல். இடமாறுதலோடு வரும் பதவி உயர்வு அந்த முதலை ஒரே நாளில் செல்லாததாக்கிவிடுகிறது. புதிய ஊரில் மறுபடி சேர்க்கப் பத்து ஆண்டு ஆகும். அதற்குள் ஓய்வு வந்துவிடும்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பெண் ஆசிரியர்கள் எழுதும் உரிமை விடல் கடிதங்கள் எல்லாமே சுதந்திரமான தீர்ப்புகள் அல்ல. தொலைதூரத்து இடம், மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமை, 'உனக்கெதற்கு ஹெச்.எம். வேலை' என்னும் கணவர், இவை எல்லாம் சேர்ந்து எழுதவைத்த கடிதங்களும் உண்டு. தலைமையேற்க ஆசையும் தகுதியும் உள்ள ஒரு பெண்ணை அப்படி எழுதவைப்பது கொடுமை. அதை நான் ஒருநாளும் ஆதரிக்க மாட்டேன். மறுக்கும் உரிமை மெய்யாக இருக்க வேண்டுமானால் ஏற்கும் உரிமையும் மெய்யாக இருக்க வேண்டும். பக்கத்து ஒன்றியத்திலேயே இடம், குழந்தை காப்பக வசதி, வீட்டு வேலையில் பங்கெடுக்கும் ஆண்கள் என்று வழியைச் சீர்செய்துவிட்டு, அதன்பிறகும் அவர் வேண்டாம் என்றால்தான் அது அவருடைய தீர்ப்பு.

தியாகமும் இல்லை

இனி, புகழ்ச்சி பாடுவோர் பக்கம். பதவியை விட்டவர் என்றதும் நமக்குக் காமராசர் நினைவுக்கு வருகிறார். 1963 அக்டோபரில் முதலமைச்சர் பொறுப்பைத் தாமே விட்டார். 1964-இல் நேரு மறைந்தபோதும் 1966-இல் லால் பகதூர் சாஸ்திரி மறைந்தபோதும் காங்கிரஸ் தலைவராக இருந்து அடுத்த பிரதமர் யார் என்பதை முடிவுசெய்யும் இடத்தில் இருந்தார். 1966-இல் நீங்களே பொறுப்பேற்க வேண்டும் என்று சகாக்கள் வற்புறுத்தியும் ஏற்கவில்லை. இதைத் தியாகம் என்று மேடைதோறும் பேசுகிறோம். ஆனால் அந்த மறுப்புக்குள் கணக்கு இருந்தது. அன்றைய இந்தியாவில், இந்தியும் ஆங்கிலமும் சரளமாகப் பேசாத ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எதைச் சாதிக்க முடியும், எதைச் சாதிக்க முடியாது என்று நாட்டையும் தம்மையும் சேர்த்து எடைபோட்ட ஓர் அரசியல்வாதியின் கூர்மை அது. தியாகம் என்ற மாலையைப் போட்டு அந்தக் கூர்மையை நாம் மறைத்துவிட்டோம்.

தியாகி என்ற பட்டம் இன்னொரு கெடுதலும் செய்கிறது. பதவிதான் பெரியது, அதை விட்டவர் பெரிய ஒன்றை இழந்தவர் என்ற பழைய கணக்கையே அதுவும் ஒப்புக்கொள்கிறது. தூற்றுபவரும் போற்றுபவரும் ஒரே தராசைத்தான் பிடித்திருக்கிறார்கள். தியாகிக்குச் சம்பளம் கூட்டித் தர வேண்டியதில்லை, வசதி செய்து தர வேண்டியதில்லை என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. மைதானத்துக்குத் திரும்பிய ஆசிரியருக்கு நம் கண்ணீர் வேண்டாம். பந்து வேண்டும், வலை வேண்டும், அவர் அனுபவத்துக்கேற்ற ஊதியம் வேண்டும்.

நல்லவர் ஒதுங்கினால்?

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் நான்காவது. நல்லவர்கள் எல்லாம் ஒதுங்கிக்கொண்டால் தகுதியில்லாதவர் கைக்கு அதிகாரம் போகும். அப்புறம் அதே மைதானத்தை அவர் பூட்டிவைப்பார். அப்போது யாரை நோவது? இந்த வாதத்தை நான் இலேசாகத் தள்ளவில்லை. ஒரு பள்ளியில் குழந்தைகளுக்குத் தீங்கு நடக்கிறது, அதை நிறுத்தும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு மட்டுமே இருக்கிறது, அந்த இடத்துக்குப் போகக்கூடியவர் தாம் ஒருவர்தான் என்று தெரிந்தும் ஒருவர் மறுத்தால், அது நழுவல்தான். அதற்கு நான் பரிந்து பேச மாட்டேன். பதவியை மறுத்துவிட்டு, வந்தவரைப் பின்னாலிருந்து ஆட்டிவைப்பதும் தவறு. மறுத்தவருக்கு ஒரு கடமை உண்டு: ஏற்றவருக்கு மனமாரத் துணைநிற்பது.

ஆனால் இந்த வாதம் பொதுவிதியாக நிற்காது. நல்ல பயிற்சியாளர் நல்ல நிர்வாகியாக இருப்பார் என்பதற்கு அதில் எந்த உறுதியும் இல்லை. நல்ல பயிற்சியாளர் ஒருவரை இழந்து, சுமாரான நிர்வாகி ஒருவரைப் பெறுவது பள்ளிக்கு இரட்டை நட்டம். மேலும், நல்லவர்கள் கூட்டம் கூட்டமாக ஒரு பதவியை மறுக்கிறார்கள் என்றால், கோளாறை மனிதர்களிடம் தேடுவதற்கு முன் அந்தப் பதவியிடம் தேட வேண்டாமா? எழுத்தர் இல்லாத பள்ளிகள், துப்புரவுப் பணியாளர் இல்லாத பள்ளிகள், எல்லாவற்றுக்கும் தலைமையாசிரியரே பதில் சொல்ல வேண்டிய நிலை. அந்த நாற்காலியை மனிதர் உட்காரக்கூடியதாக ஆக்குவது அரசின் வேலை. அதைச் செய்யாமல், உட்கார மறுப்பவரை வீரமில்லாதவர் என்பது பழியை இடம் மாற்றி வைப்பதாகும்.

என்ன செய்யலாம்? திராவிட் ஒரு வழி காட்டியிருக்கிறார். 2018 இளையோர் உலகக் கோப்பை வெற்றிக்குப் பின் வாரியம் அவருக்கு 50 லட்சம் ரூபாயும் உதவிப் பயிற்சிக் குழுவினருக்குத் தலா 20 லட்சமும் அறிவித்தது. இந்த வேறுபாட்டை அவர் ஏற்கவில்லை. கடைசியில் எல்லாருக்கும் தலா 25 லட்சம் என்று ஆனது. தம் பங்கில் பாதியைக் குறைத்துக்கொண்டு துணைநின்றவர்களைத் தம் அளவுக்கு உயர்த்தினார். 2024 வெற்றிக்குப் பிறகும் அவருக்கு 5 கோடி என்றபோது, உதவிப் பயிற்சியாளர்கள் பெற்ற இரண்டரைக் கோடியே தமக்கும் போதும் என்றார். உதவி வேலையும் தலைமை வேலையும் ஒரே வெற்றியின் இரு பாதிகள் என்பதை அவர் காசோலையில் எழுதிக் காட்டினார்.

அதையே நாமும் விதியாக எழுதலாம். பள்ளிக் கல்வித் துறையிலும், கல்லூரிகளிலும், விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்திலும், நெய்வேலி போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் விளையாட்டுப் பிரிவுகளிலும், மைதானத்தை விட்டு நகராமலே ஒருவர் மரியாதையிலும் ஊதியத்திலும் உயரும் வழி வேண்டும். முதுநிலைப் பயிற்சியாளர் என்று ஒரு தனி ஏணி இருந்தால், உயர்வதற்காக மைதானத்தை விட வேண்டிய கட்டாயம் இராது. தலைமைப் பொறுப்புக்கு விருப்பமுள்ளவர்களை முன்கூட்டியே கண்டறிந்து, அதற்கென்று பயிற்சி கொடுத்து அனுப்ப வேண்டும். மறுத்தவர் காலம் கனியும்போது தயக்கமின்றித் திரும்பிவரக் கதவு திறந்திருக்க வேண்டும்.

இவை அரசும் நிறுவனங்களும் செய்ய வேண்டியவை. ஊர் செய்ய வேண்டியது எளிது, இன்றைக்கே செய்யலாம். உரிமை விடல் கடிதம் கொடுத்துவிட்டு வந்தவரை ஏளனம் செய்வதை நிறுத்த வேண்டும். அவருடைய அணி எந்தப் போட்டிக்குப் போகிறது, பயணச் செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பதவி ஏற்றவருக்குச் சால்வை போர்த்தும் சங்கங்கள், முப்பது ஆண்டு ஒரே மைதானத்தில் நின்றவருக்கும் அதே மேடையில் போர்த்த வேண்டும். தம் வேலையின் அளவும் தம் ஆற்றலின் அளவும் தெரிந்து முடிவெடுப்பவர்கள் எந்தத் துறையிலும் மிகக் குறைவு. அப்படி ஒருவர் நம்மிடையே இருந்தால் அவரை நம்பிப் பிள்ளைகளை ஒப்படைக்கலாம்.